பேக்கில் நிற்கும் பையனின் அம்மாவுக்கு

பாலவாக்கம்,
ஞாயிறு காலை

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதிய கடிதம் கைக்கு வந்து பத்து நாளாகிறது. தனியாகப் பதில் போடலாம் என்றுதான் இருந்தேன். எழுத உட்கார்ந்ததும், இது உங்கள் ஒரு வீட்டுச் சங்கதி இல்லை என்று பட்டது. அதனால் எல்லோர் கண்ணிலும் படுகிற இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறேன். உங்கள் பெயரும் பையன் பெயரும் இதில் வராது.

பையனுக்குப் பன்னிரண்டு வயது, பள்ளிக் கால்பந்து அணியில் இடம் கிடைத்துவிட்டது, ஆனால் பி.டி. மாஸ்டர் அவனைப் பேக்கில், அதாவது பின்வரிசையில்தான் நிறுத்துகிறார் என்று எழுதியிருந்தீர்கள். கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றுகிறார்கள். கோல் விழுந்தால் மட்டும் எல்லோரும் இவனைத் திரும்பிப் பார்க்கிறார்கள். இரண்டு நாள் ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டான். "மாஸ்டரிடம் சொல்லி ஃபார்வர்டுக்கு மாற்றச் சொல்லட்டுமா? பேக்கில் ஆடி யாராவது பேர் வாங்கியிருக்கிறார்களா?" என்று கேட்டிருந்தீர்கள். கடிதத்தின் ஓரத்தில் இடம் பார்த்து இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள்: கடற்கரையில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவனுக்கு, பூட்ஸ் மாட்டினால் பந்து சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறதாம்.

நானும் பாலவாக்கம்தான். காலையில் கடற்கரைக்குப் போகிறவன். படகுகளை மேலே ஏற்றிவிட்டு வலை உதறுகிற நேரத்தில், ஈர மணலில் நான்கு செருப்பை நட்டு இரண்டு கோல் போஸ்ட் ஆக்கிக்கொண்டு பையன்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவர்களில் உங்கள் மகனும் இருக்கலாம். நான் கல்லூரி நாட்களில் நான்கு வருஷம் லெஃப்ட் பேக். அதனால் உங்கள் கேள்வி எனக்கு நன்றாகவே புரிந்தது. அதற்குப் பதிலாக ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். படித்துவிட்டுப் பையனுக்கும் சொல்லுங்கள்.

அவர் பெயர் சைலேன் மன்னா. 1924 செப்டம்பர் 1 அன்று, கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஹௌராவில் பிறந்தவர். உள்ளூர் ஹௌரா யூனியன் கிளப்பில் ஆடத் தொடங்கி, 1942-இல் கல்கத்தாவின் மோகன் பகான் கிளப்பில் சேர்ந்தார். வயது பதினெட்டுகூட நிறையவில்லை. ஆடிய இடம் லெஃப்ட் பேக்.

1942 எப்படிப்பட்ட வருஷம் என்று நம் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று அந்த ஏப்ரலில் சென்னையே மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர் போனது. கல்கத்தாவில் அந்த டிசம்பரில் நிஜமாகவே குண்டு விழுந்தது. ஊர் முழுக்கப் பட்டாளம், ராத்திரியில் இருட்டடிப்பு. அடுத்த வருஷம் வங்காளப் பஞ்சம். சோறு இல்லாமல் ஜனங்கள் கல்கத்தா வீதிகளிலேயே விழுந்து செத்தார்கள். அதே 1943-இல் மோகன் பகான் கல்கத்தா லீக்கை ஜெயித்தது, 1944-இலும் ஜெயித்தது. பஞ்ச காலத்தில் பந்தாட்டமா என்று எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியதுண்டு. இப்போது அப்படித் தோன்றவில்லை. எது நடந்தாலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மைதானத்தில் பதினொரு பேர் வந்து நிற்பார்கள் என்ற ஒன்றாவது மாறாமல் இருந்தது அந்த ஊருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! 1946-இல் ஊரில் மூண்ட மதக் கலவரத்தில் அதுவும் நின்றது. அந்த வருஷம் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு போட்டி முடியவில்லை. அடுத்த வருஷம், நாடு விடுதலையான 1947-இல், மோகன் பகான் அந்த ஷீல்டை வென்றது. 1911-க்குப் பிறகு முதல் தடவை.

1911 என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த வருஷம்தான் மோகன் பகான் வெறுங்காலோடு ஆடி, பூட்ஸ் போட்ட கிழக்கு யார்க்ஷயர் படையணியை 2-1 என்று தோற்கடித்தது. கல்கத்தா இன்றைக்கும் அதைக் கொண்டாடுகிறது. ஆனால் அந்தப் பதினொரு பேரில் ஒருவர் பூட்ஸ் போட்டிருந்தார். சுதிர் சட்டர்ஜி, அவர் ஆடிய இடமும் லெஃப்ட் பேக்தான். முப்பது வருஷம் கழித்து அதே கிளப்பில் அதே இடத்துக்கு வந்த மன்னா வெறுங்காலில் நின்றார்.

அந்தக் காலத்தில் பேக் என்றால் என்ன என்று பையனுக்கு விளக்குங்கள். இன்று அவனோடு பின்னால் மூன்று நான்கு பேர் நிற்கிறார்கள். மன்னா ஆடத் தொடங்கியபோது முன்னால் ஐந்து, நடுவே மூன்று, பின்னால் இரண்டே பேர். எதிரணியின் ஐந்து பேர் வந்தால் இவர்கள் இருவர். ஓடிப் பிடிக்கலாம் என்று நினைத்தால் கதை முடிந்தது. பந்து எங்கே வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து, அங்கே போய் நிற்க வேண்டும். மன்னாவைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வது இதைத்தான்: பந்துக்கு முன்னால் அவர் அங்கே இருப்பார். கல்கத்தாவில் கால்பந்து மழைக்கால ஆட்டம். சேற்றில் ஊறின தோல் பந்து கருங்கல் மாதிரி கனக்கும். அதை வெறுங்காலால் ஃப்ரீ கிக் அடித்துக் கோல் போடுகிற உதை அவருக்கு இருந்தது.

அந்த உதைதான் அவரை ஒரு சங்கடத்திலும் கொண்டுபோய் விட்டது.

1948, லண்டன் ஒலிம்பிக்ஸ். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணி. கேப்டன் நாகா மலைக்காரரான தாலிமெரன் ஆவ். டாக்டருக்குப் படித்தவர், மோகன் பகானில் மன்னாவின் தோழர், அவரும் பின்வரிசையைக் காக்கிறவர். ஜூலை 31, இல்ஃபோர்டு என்ற இடத்தில் பிரான்சோடு ஆட்டம். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்கால். முப்பதாவது நிமிஷம் பிரான்ஸ் ஒரு கோல். எழுபதாவது நிமிஷம் நம் பக்கம் ராமன், சாரங்கபாணி ராமன், பதில் கோல் போட்டார். சுதந்திர இந்தியாவின் முதல் சர்வதேச கோல் அதுதான். அதைப் போட்டவர் பெங்களூரில் ஆடியவர், பெயரைப் பாருங்கள், நம் வீட்டுப் பெயர். சென்னையில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்கு இரண்டு பெனால்டி கிடைத்தது. ஒன்றைப் பலமான உதைக்குப் பேர்போன லெஃப்ட் பேக் மன்னா அடித்தார். தவறிப்போனது. இன்னொன்றை மகாபீர் பிரசாத் அடித்தார், அதுவும் தவறியது. எண்பத்தொன்பதாவது நிமிஷம் பிரான்ஸ் இரண்டாவது கோல் போட்டது. 2-1. அதோடு போட்டியிலிருந்து வெளியே.

சகோதரி, இந்த ஆட்டத்தை எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன் என்று சொல்ல முடியாது. மன்னாவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தொண்ணூறு நிமிஷமும் பிரான்சின் முன்வரிசையை மறித்து நின்றவர் அவர். எழுபதாவது நிமிஷத்திலிருந்து எண்பத்தொன்பது வரை, ஆட்டம் சமமாக இருந்த அந்தப் பத்தொன்பது நிமிஷம் பந்தை எத்தனை முறை தட்டிவிட்டார், எத்தனை முறை குறுக்கே விழுந்தார் என்பதற்கு ஒரு கணக்கும் இல்லை. தவறின பெனால்டிக்கு மட்டும் கணக்கு இருக்கிறது. உங்கள் மகன் ராத்திரி சாப்பிடாமல் படுத்தது இதற்காகத்தானே? அவனுக்கு மட்டும் நடக்கிற அநியாயம் இல்லை இது. பேக்காக நின்ற எல்லோருக்கும் நடந்தது.

மன்னா லண்டனில் ஆடிய அதே காலத்தில் அந்த நாட்டிலேயே இன்னொரு லெஃப்ட் பேக் இருந்தார். ஜார்ஜ் ஹார்ட்விக், மிடில்ஸ்பரோ கிளப். 1937 டிசம்பரில், பதினேழு வயதில், போல்டன் அணிக்கு எதிராக முதல் ஆட்டம். முதல் நிமிஷத்திலேயே சொந்த வலைக்குள் பந்தைப் போட்டுவிட்டார், ஓன் கோல். அவர் காலூன்றுவதற்குள் 1939-இல் யுத்தம் வந்தது. இங்கிலாந்து லீக் ஏழு வருஷம் நின்றுபோனது. விமானப்படையில் சேர்ந்தார், குண்டுவீச்சில் கால்களில் அடி. விடுப்பு கிடைத்த நாட்களில் செல்சி அணிக்கு விருந்தாளியாக ஆடினார். 1946-இல் ஆட்டங்கள் மறுபடி தொடங்கியபோது இங்கிலாந்தின் கேப்டன் அவர்தான். பதின்மூன்று முறை நாட்டுக்காக ஆடினார், பதின்மூன்றிலும் கேப்டன். 1947 மே மாதம் ஐரோப்பிய அணியை 6-1 என்று ஜெயித்த பிரிட்டன் அணிக்கும் அவரே தலைவர். கிளாஸ்கோவில் லட்சம் பேருக்கு மேல் பார்த்த ஆட்டம். 1948-இல் முழங்காலில் பட்ட காயத்தோடு அவருடைய இங்கிலாந்து ஆட்டம் முடிந்தது. மிடில்ஸ்பரோ மைதான வாசலில் இன்று அவருக்குச் சிலை நிற்கிறது. முதல் நிமிஷத்தில் ஓன் கோல் போட்ட பையனுக்கு, அதே ஊரில்!

ஹார்ட்விக்கின் நல்ல வருஷங்களை யுத்தம் தின்றுவிட்டது. மன்னாவுக்கோ தன் காலத்தின் மிகப் பெரிய மேடை கைக்கு எட்டியும் கிடைக்கவில்லை. 1950 உலகக் கோப்பை. நம் தகுதிச் சுற்றுப் பிரிவில் இருந்த பர்மா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா மூன்றும் விலகியதால் இந்தியாவுக்கு நேராகப் பிரேசிலில் இடம் கிடைத்தது. இத்தாலி, ஸ்வீடன், பராகுவே இருந்த பிரிவு. மன்னா கேப்டனாகப் போயிருக்க வேண்டிய அணி. கடைசியில் அணி போகவே இல்லை. வெறுங்காலில் ஆடக்கூடாது என்று சொன்னதால்தான் போகவில்லை என்று ஒரு கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. உங்கள் பையனும் எங்காவது கேட்டிருப்பான். அதை நம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். மன்னாவே பின்னாளில் அந்தக் கதையை மறுத்தார். உலகக் கோப்பை எவ்வளவு பெரியது என்பது அன்றைய ஆட்டக்காரர்களுக்கே தெரியாது, அவர்களுக்கு ஒலிம்பிக்ஸ்தான் எல்லாம் என்றார். இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் அதில் அக்கறை இல்லை. கப்பலில் நெடும்பயணம், பயிற்சிக்கு நாள் போதாது என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். காலில் செருப்பு இல்லாத ஏழை நாடு என்ற பரிதாபக் கதையாகச் சொல்வது எல்லோருக்கும் சுலபமாகப் போயிற்று. பொறுப்பில் இருந்தவர்களின் அலட்சியத்தை ஆடினவர்களின் காலில் கட்டிவிட்டார்கள். இதைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் வருகிறது.

அடுத்த வருஷம், 1951 மார்ச், டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. மன்னா கேப்டன். இந்தோனேசியாவை 3-0, ஆப்கானிஸ்தானை 3-0, மார்ச் 10 அன்று இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0. தங்கப் பதக்கம். இறுதி ஆட்டத்தின் கோல் சாஹு மேவாலால் போட்டது. பாடப் புத்தகத்தில் அந்தப் பெயர் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் அந்த மூன்று ஆட்டத்தையும் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள் பையனை. எதிரணி போட்ட கோல் எத்தனை? மூன்று ஆட்டத்திலும் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைப் போட்டவர்கள்தான் பேக்குகள்.

நல்லதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் உங்களை ஏமாற்றியதாகும். 1952 ஜூலையில் ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ். அப்போதும் மன்னாதான் கேப்டன். யூகோஸ்லாவியாவோடு முதல் ஆட்டம். நம் ஊர்க் கால்களுக்குப் பழக்கமில்லாத குளிர், ஈரத் தரை, வெறுங்கால். பத்துக் கோல் விழுந்தது. பிராங்கோ ஸெபெக் என்ற ஒருவரே நான்கு போட்டார். நம் பக்கம் கடைசி நேரத்தில் அகமது கான் ஒன்று. 10-1. யூகோஸ்லாவியா அந்தப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கின அணி என்பது உண்மைதான். ஆனால் பத்துத் தடவை வலையிலிருந்து பந்தை எடுத்துக் கொடுத்தவருக்கு அது என்ன சமாதானம்! மேவாலாலுக்கும் அகமதுக்கும் அந்த நாளில் மறைந்துகொள்ள இடம் இருந்தது. கேப்டனாகவும் பேக்காகவும் இருந்தவருக்கு இல்லை.

அதற்குப் பிறகுதான் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. மன்னாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. சின்ன வயசிலிருந்து வெறுங்காலில் ஆடி, ஆசியத் தங்கம் வாங்கி, நாட்டுக்குக் கேப்டனாகவும் ஆன மனிதர், அதுவரை தெரிந்ததை ஒதுக்கிவைத்துவிட்டுத் தோல் பூட்ஸை மாட்டிக்கொண்டு உதைக்கப் பழக வேண்டியிருந்தது. நான் அவரை மதிப்பது பதக்கத்துக்காகக்கூட இல்லை, இதற்காகத்தான். போதும் என்று விலகியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் இன்னும் எட்டு வருஷம் ஆடினார். 1952-இல் கொழும்பில் தொடங்கிய நான்கு நாடுகள் கோப்பையை இந்தியா வருஷா வருஷம் வாங்கியது. மோகன் பகான் 1953-இல் முதல் முறையாக டூரண்ட் கோப்பையை வென்றது, 1955-இல் ரோவர்ஸ் கோப்பை. 1960 வரை, பத்தொன்பது வருஷம், ஒரே கிளப்.

இதற்கெல்லாம் என்ன கிடைத்தது என்று நீங்கள் கேட்பீர்கள். வீட்டுச் செலவு பார்க்கிறவர் கேட்க வேண்டிய கேள்விதான். ஹார்ட்விக் காலத்து இங்கிலாந்தில் தொழில்முறை ஆட்டக்காரருக்கே வாரச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 1947-இல் அது பன்னிரண்டு பவுண்டு. மன்னாவுக்கு அந்த மாதிரிச் சம்பளமும் கிடையாது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்துத்தான் பிழைத்தார். 1971-இல் பத்மஸ்ரீ. 2012 பிப்ரவரி 27 அன்று, எண்பத்தேழு வயதில், கல்கத்தாவில் காலமானார். "மன்னா தா" என்றுதான் கடைசிவரை அந்த ஊர் கூப்பிட்டது. நம் ஊரில் "அண்ணே" என்று கூப்பிடுவது மாதிரி. பேர் வாங்கியிருக்கிறார்களா என்று கேட்டீர்களே, அந்த ஊரில் அவர் வாங்கின பேர் அது.

மாஸ்டரிடம் சொல்லி மாற்றச் சொல்லட்டுமா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேண்டாம் என்பதுதான் என் பதில். மன்னாவின் கடைசி நாட்களில் மோகன் பகானுக்கு வந்து சேர்ந்த இன்னொரு பேக், பஞ்சாபிலிருந்து வந்த ஜர்னெயில் சிங். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் அவருக்கு மண்டை உடைந்து தையல் போட்டிருந்தது. பின்னால் நின்று தலையால் முட்ட முடியாது என்று பயிற்சியாளர் ரஹீம் அவரை முன்னால் அனுப்பினார். அரையிறுதியில் கோல் போட்டார். தென் கொரியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்திலும் போட்டார். 2-1, தங்கம். அந்த அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் கதை நேர் எதிர். சென்டர் ஃபார்வர்டாகத் தொடங்கி, பின்னால் போய்க் கோல்கீப்பர் ஆனவர். நம் மெட்ராஸ் ரெஜிமென்ட் அணியில் வளர்ந்து, 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பை வாங்கியவர். முன்னால் போக வேண்டிய வேளை வந்தால் உங்கள் மகனும் போவான். பன்னிரண்டு வயதில், மொத்த மைதானமும் கண்ணுக்கு முன்னால் தெரிகிற இடம் பேக். அங்கே நின்று ஆட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும். பந்து வராத நேரத்தில் என்ன செய்கிறான் என்று நீங்கள் ஒரு நாள் போய்ப் பாருங்கள். சும்மா நிற்கிறானா, இல்லை பந்து அந்தப் பக்கம் போகும்போது இவனும் இரண்டு அடி நகர்கிறானா என்று கவனியுங்கள். நகர்கிறான் என்றால் மாஸ்டர் சரியான பையனைத்தான் நிறுத்தியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் எத்தனை கோல் என்று கேட்காதீர்கள். எத்தனை பந்தை மறித்தாய் என்று கேளுங்கள். முதல் நாள் முழிப்பான், இரண்டாவது நாள் எண்ணிக்கொண்டு வருவான்.

பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். பெரியமேட்டில் நேரு ஸ்டேடியம் பக்கத்துக் கடைகளில் உங்கள் கைக்கு அடக்கமான விலையிலேயே கிடைக்கும். வளர்கிற பையன் என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள். கட்டை விரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருந்தால் போதும். ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நடக்கட்டும், பந்தை மெதுவாகச் சுவரில் தட்டட்டும். பள்ளி மைதானத்தில் பூட்ஸ், கடற்கரையில் வெறுங்கால், இரண்டும் இருக்கட்டும். வெறுங்காலில் பழகினதால் பந்தைத் தொடும் பக்குவம் அவனுக்கு வந்திருக்கும், அது வீண்போகாது. பழக மாட்டேன் என்று முரண்டு பிடித்தால், இருபத்தெட்டு வயதில் பழகினவரைச் சொல்லுங்கள்.

எழுத விட்டுப்போனது ஒன்று. அவன் எந்தக் காலால் உதைக்கிறான் என்று கேட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். இடது கால் என்றால், மாஸ்டரிடம் நானே வந்து பேசுகிறேன். பேக்கிலேயே இருக்கட்டும், இடது பக்கம் மட்டும் நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு பழைய லெஃப்ட் பேக்